மால்குடியைக் கட்டியவர்: ஆர். கே. நாராயண்



எங்கள் கிரியான் மாவட்டத்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. சிவில் இன்ஜினியரிங் படிக்கும் எனக்கு அந்த வருடம் மறக்காது. அதே 1906, அக்டோபர் 10-ஆம் தேதி, மெட்ராஸ் புரசைவாக்கத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து ஓர் ஊரையே கட்டியது. செங்கல் கிடையாது, சிமெண்டு கிடையாது, அளவு நாடாகூடக் கிடையாது. மால்குடி என்று பெயர். எந்த அரசாங்க வரைபடத்திலும் அந்த ஊர் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேருக்கு அதன் தெருக்கள் அத்துப்படி.

ராசிபுரம் கிருஷ்ணசாமி ஐயர் நாராயணசுவாமி என்பதுதான் அவருடைய முழுப் பெயர். ராசிபுரம் அன்றைய சேலம் மாவட்டம். சேலம் என்றதும் நம்மில் சிலர் காது நிமிரும். தோட்டத்துக்குப் பால் மரம் சீவ வந்த நம் முன்னோர்களில் நிறையப் பேர் சேலம், திருச்சி, வட ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள்தானே. நாராயணின் குடும்பம் வேறு திசையில் போனது. அப்பா தலைமையாசிரியர், மைசூர் சமஸ்தானத்துப் பள்ளிகளில் உத்தியோகம். ஆகவே வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பேனா பிடித்தால் ஆங்கிலம் என்று அவர் வாழ்க்கை அமைந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பல்கலைக்கழக விரிவுரையில் ஆங்கிலம் என்று வளர்கிற நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் இந்த மூன்று மொழிக் குழப்பத்துக்குள்ளே இருந்துகொண்டு, தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமல், மூன்றாவது மொழியில் ஒருவர் எழுதினாரே, அதுதான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

அப்பாவுக்கு அடிக்கடி இடமாற்றம், அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள். ஆகவே சிறுவன் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தான். பாட்டியை எல்லோரும் அம்மணி என்று கூப்பிடுவார்கள். பையனை வீட்டில் கூப்பிட்டது குஞ்சப்பா என்று. விளையாட்டுத் துணைக்கு ஒரு மயிலும் ஒரு குரங்கும். பாட்டிதான் அவனுக்குக் கணக்கு, புராணம், சுலோகம், கர்நாடக சங்கீதம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஜாதகம் பார்க்க, வரன் பேச, கை வைத்தியம் கேட்க என்று அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். பின்னால் மால்குடியில் நடமாடப்போகும் மனிதர்கள் எல்லாம் அப்போதே வீட்டு வாசலில் வரிசையில் நின்றுவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். படித்தது லுத்தரன் மிஷன் பள்ளியில். அங்கே சமயப் பாட வகுப்பில் இந்துப் பிள்ளை என்பதற்காகக் கேலிக்கு ஆளானார். அந்தக் காயத்தை அவர் பெரிய புகாராக எழுதவில்லை. முதல் நாவலிலேயே ஒரு வேடிக்கைக் காட்சியாக மாற்றிவிட்டார். நம் சாமியைப் பழித்தவரை ஒரு சின்னப் பையன் எதிர்க்கேள்வி கேட்கிற காட்சி அது. படித்துப் பாருங்கள், சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

மேல்நிலைப் பள்ளிக் காலத்தில் மைசூருக்கு அப்பாவிடம் போனார். அப்பா தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் நல்ல நூலகம். பையன் அங்கேயே கிடந்தான். இவ்வளவு படித்தவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் என்ன ஆனார் தெரியுமா? ஃபெயில். அதுவும் ஆங்கிலப் பாடத்தில். தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளை, ஊருக்கே தெரியும். ஒரு வருடம் வீட்டில் இருந்தார். அந்த ஒரு வருடமும் ஏரிக்கரையிலும் சாமுண்டி மலை அடிவாரத்திலும் நடந்தார், படித்தார், எழுதிப் பார்த்தார். அடுத்த முறை தேறி, மகாராஜா கல்லூரியில் மூன்று வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடித்து, 1930-இல் பி.ஏ. வாங்கினார். எம்.ஏ. சேரலாம் என்று கல்லூரிப் படிக்கட்டு ஏறும்போது எதிரே வந்த நண்பர் ஒருவர், இலக்கியத்தை எம்.ஏ. படித்தால் இலக்கியத்தின் மேல் இருக்கும் ஆசையே செத்துப்போகும் என்று சொல்ல, அப்படியே திரும்பி இறங்கிவிட்டார். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி என் நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் அரசாங்க வேலை. வீட்டார் எதிர்பார்த்ததும் அதுதான். சென்னபட்டணத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. உடற்பயிற்சி ஆசிரியர் வராத நாளில் அவருடைய வகுப்பையும் எடுக்கச் சொன்னதில் மனம் வெறுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி எழுத்துதான் என் வேலை என்று சொல்லிவிட்டார். இந்தியாவில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கதை எழுதி அரிசி வாங்குவது என்பது அன்று யாரும் செய்து பார்க்காத காரியம். நமக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பி.டி.பி.டி.என். கடன் தலைமேல் இருக்க, பட்டம் வாங்கின கையோடு, வேலைக்குப் போகமாட்டேன், கதை எழுதப் போகிறேன் என்று அம்மா அப்பாவிடம் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல்? எனக்கு இல்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

1930 செப்டம்பரில் பாட்டி ஒரு நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார். அந்த நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து நாராயண் உட்கார்ந்தார். என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. அப்போது மனசில் ஒரு சின்ன இரயில் நிலையம் வந்து நின்றது. அதற்கு மால்குடி என்று பெயரும் தானாக வந்தது. கதை அங்கிருந்து ஆரம்பித்தது. ஸ்டேஷன் வந்த பிறகு ஊர் வந்தது. சரயு ஆறு, மெம்பி மலை, மார்க்கெட் ரோடு, கபீர் தெரு, ஆல்பர்ட் மிஷன் பள்ளி, லாலி எக்ஸ்டென்ஷன் எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் சேர்ந்துகொண்டே போயின. பாகான் செராய் மாதிரி இரயில் நிற்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். ஸ்டேஷன் இருக்கிற ஊருக்கு வெளியாள் ஒருவர் வந்து இறங்கினாலே அன்றைக்கு ஒரு கதை உண்டு.

எழுத்தில் முதல் வருட வருமானம் ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா, ஒரு சட்டப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினதற்கு. இரண்டாம் வருடம் ஒரு சிறுகதைக்குப் பதினெட்டு ரூபாய். மூன்றாம் வருடம் குழந்தைக் கதைக்கு முப்பது. கிராஃப் போட்டால் ஏறுமுகம்தான், ஆனால் வயிறு நிறையாது.

இந்த நிலைமையில் 1933-இல் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில், தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். மனசு நின்றுவிட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி பெரியவர்கள் பார்த்துத்தான் சம்பந்தம் பேச வேண்டும். இவரோ நேரே பெண்ணின் அப்பாவிடம் பழகி, ஒரு நாள் விஷயத்தைச் சொல்லியேவிட்டார். இரண்டு வீட்டாரும் அதிர்ந்துபோனார்கள். பிறகு ஜாதகம் பார்த்தார்கள். பொருந்தவில்லை. இவர் ஜாதகத்தில் ஏழாமிடத்தில் செவ்வாய். கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு ஆகாது என்றார்கள் ஜோசியர்கள். எப்படியோ பேசிச் சமாளித்துக் கல்யாணமும் நடந்தது. குடும்பத்துக்குப் பணம் வேண்டுமே என்று மெட்ராஸிலிருந்து வந்த ஜஸ்டிஸ் என்ற பத்திரிகைக்கு மைசூர் நிருபர் ஆனார். அது பிராமணர் அல்லாதார் இயக்கத்தின் பத்திரிகை. அதற்குச் செய்தி அனுப்பியவர் ஓர் ஐயர் வீட்டுப் பையன். வயிற்றுப்பாடு யாரை எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்று சொல்லமுடியாது.

முதல் நாவலை லண்டனில் ஒவ்வொரு பதிப்பகமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் அது ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பூர்ணா என்ற மைசூர் நண்பரிடம் போய்ச் சேர வேண்டும். அவருக்கு நாராயண் எழுதிய யோசனை என்ன தெரியுமா? கட்டில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு என்பதுதான். பூர்ணா போடவில்லை. கையெழுத்துப் பிரதியை கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பிடித்துப்போனது, தானே பதிப்பாளர் தேடினார். சுவாமி தி டேட் என்று இருந்த தலைப்பை 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று மாற்றச் சொன்னார். வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று நாராயணசுவாமியை நாராயண் என்று சுருக்கச் சொன்னவரும் அவர்தான். 1935-இல் புத்தகம் வந்தது. இந்த இருவரும் நேரில் சந்திக்கப் பல வருடங்கள் ஆயிற்று. அதுவரை எல்லாம் கடிதத்தில்தான். பூர்ணாவைப் பற்றி யாரும் தனியாக எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், மால்குடிக்கு ஒரு சிலை வைத்தால் பக்கத்தில் இவருக்கும் ஒன்று வைக்கவேண்டும்.

1937-இல் 'தி பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்', 1938-இல் 'தி டார்க் ரூம்'. மூன்று நாவல், மூன்று வேறு வேறு பதிப்பகம், மூன்றிலும் பெரிய வரும்படி இல்லை. இடையில் 1937-இல் அப்பா காலமானார். குடும்ப பாரம் தோளில் ஏறியது. மைசூர் அரசாங்கத்துக்காக ஒரு பயண நூல் எழுத ஒப்புக்கொண்டார். அப்போதுகூட எழுத்தை விட்டு வேறு வேலை தேடவில்லை என்பதைக் கவனிக்கணும்.

1939 ஜூன் மாதம் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். குழாயடியில் பார்த்த நாளிலிருந்து ஆறு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மகள் ஹேமாவுக்கு வயது மூன்று.

செவ்வாய் என்று சொன்ன ஜோசியர்கள் தலையை ஆட்டியிருப்பார்கள். நான் வேறு ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அன்று டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. நல்ல உணவு, ஈரத்துணி, பிரார்த்தனை, அவ்வளவுதான். குளோராம்ஃபெனிக்கால் என்ற மருந்து டைபாய்டைக் குணமாக்கும் என்று கண்டுபிடித்தது 1948-இல். எங்கே தெரியுமா? நம் கோலாலம்பூரில். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வேறொரு காய்ச்சலுக்காக அந்த மருந்தைச் சோதிக்க வந்த அமெரிக்கக் குழுவிடம், டைபாய்டு நோயாளிகளும் தற்செயலாக வந்து சேர்ந்து, பிழைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம் பிந்திவிட்டது. தோஷம் கிரகத்திலா, காலத்திலா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

நாராயண் இடிந்துபோனார். எழுதுவதை நிறுத்தினார். இனி எழுதவே மாட்டேன் என்றுதான் இருந்தார். குழந்தையைத் தூங்கவைப்பது, எழுப்புவது, சாப்பாடு கொடுப்பது என்று நாட்கள் போயின. பிறகு மெட்ராஸில் ஒருவரைச் சந்தித்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் வேகவேகமாக எழுதுவார். இறந்தவர்கள் பேசுவதாக அந்த எழுத்து இருக்கும். அதன் வழியாக ராஜம் தன்னிடம் பேசினார் என்று நாராயண் நம்பினார். நாளடைவில் யார் துணையும் இல்லாமல் தானே அமைதியாக உட்கார்ந்து அவரை உணரமுடிந்தது என்றும் எழுதியிருக்கிறார். நான் கால்குலேட்டரும் கையுமாக இருக்கிறவன், இதை நிரூபிக்கவோ மறுக்கவோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அனுபவம் இல்லையென்றால் 1945-இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' வந்திருக்காது. கிருஷ்ணன் என்ற இளம் ஆசிரியர், சுசீலா என்ற மனைவி, ஒரு பெண் குழந்தை. மாசச் சம்பளத்தில் மளிகைக் கணக்குப் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள். சொந்தமாக வாங்க வீடு பார்க்கப் போகிறார்கள். அங்கேதான் காய்ச்சல் ஆரம்பம். நாவலின் முதல் பாதி முழுக்க ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அந்த ஒன்றும் நடக்காத நாட்கள்தான் வாழ்க்கை என்பது இரண்டாம் பாதியில்தான் நமக்குப் புரியும். கடைசிப் பக்கத்தில் ஒரு மல்லிகை மாலை வருகிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

அவர் மறுமணம் செய்யவில்லை. ஹேமாவை அம்மா, சகோதரர்களின் துணையோடு வளர்த்தார்.

அந்தச் சமயம் இரண்டாம் உலகப் போர். லண்டனோடு தொடர்பு அறுந்தது. சரி, நானே பதிப்பாளர் ஆகிறேன் என்று மைசூரில் இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ் தொடங்கினார். 'மால்குடி டேஸ்' 1942-இல் முதலில் வந்தது அங்கேதான். தி ஹிந்து நாளிதழில் சிறுகதைகள் வந்தன. தம்பி ஆர். கே. லக்ஷ்மண் படம் போட்டார். பின்னால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சாமானிய மனிதனை வரைந்து புகழ்பெற்ற அதே லக்ஷ்மண்தான். போரோடு ஜெமினி ஸ்டுடியோ வேலையும் வந்தது. 1947-இல் வந்த மிஸ் மாலினி படத்தின் கதை இவருடையது. ஜெமினி கணேசன் முதன்முதலாகத் திரையில் தலைகாட்டியது அந்தப் படத்தில். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கொத்தமங்கலம் சுப்பு என்றால் தெரிந்திருக்கும்.

1952-இல் 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்'. நம் ஊர் ஆலோங் விளம்பர அட்டைகளைத் தூணில் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த நாவலின் நாயகன் மார்கய்யா ஞாபகம் வருவார். கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கடன் வாங்க வருகிற விவசாயிகளுக்கு வழி சொல்லிப் பிழைக்கிறவர். பணம் வேண்டும் என்று நாற்பது நாள் விரதம் இருந்து லக்ஷ்மி பூஜை செய்கிறார். பணமும் வருகிறது. கூடவே வருவது என்ன என்பதுதான் கதை. நாம் கோயிலில் நிற்கும்போது உண்மையில் என்ன கேட்கிறோம் என்பதை இவ்வளவு நேராக, இவ்வளவு சிரிப்போடு காட்டின புத்தகம் நான் வேறு படித்ததில்லை.

அடுத்து 'தி கைடு'. மைசூரில் ஒரு வருடம் கடும் வறட்சி. மழை வேண்டி வேதியர்கள் வறண்ட காவிரியில் முழங்கால் அளவு நீரில் நின்று, விரதம் இருந்து ஜபம் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. இந்தச் சம்பவம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. விரதம் இருப்பவர் உண்மையான சாமியாராக இல்லாமல், வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவராக இருந்தால் என்ன ஆகும்? 1956-இல் முதன்முதலாக வெளிநாடு போனவர், அமெரிக்காவில் பெர்க்லியில் ஓர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அதை எழுதினார். சிறையிலிருந்து வெளியே வந்த ராஜு, போக இடம் இல்லாமல் ஆற்றோரக் கோயில் மண்டபத்தில் உட்காருகிறான். ஒரு கிராமத்தான் அவனைச் சாமி என்று நினைத்துக் கும்பிடுகிறான். சாப்பாடு கிடைக்கிறதே என்று ராஜுவும் மறுக்கவில்லை. தாடி வளர்கிறது, கூட்டம் வளர்கிறது. ஒரு நாள் ஊரில் மழை இல்லை. சாமி உண்ணாவிரதம் இருந்தால் மழை வரும் என்று ஊர் நம்புகிறது. பயந்துபோய் ராஜு தன் பழைய கதை எல்லாவற்றையும் அந்தக் கிராமத்தானிடம் ஒப்புவிக்கிறான். அவனோ அதற்குப் பிறகும் சாமி என்றுதான் கூப்பிடுகிறான். இனி என்ன செய்வது? எப்போதோ ஓர் இடத்தில், வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று ராஜு நினைக்கிறான். மழை வந்ததா, அவன் பிழைத்தானா என்று நாராயண் சொல்லவில்லை.

எங்கள் இயக்க வகுப்பில் இந்தக் கதையை ஒருமுறை சொன்னேன். பாதிப் பேர், இது போலிச் சாமியார்களைக் கிண்டல் செய்கிற கதை என்றார்கள். மீதிப் பேர், அந்த மக்களின் நம்பிக்கை ஒரு போலியையே நிஜமாக்கிய கதை என்றார்கள். மணி பத்தரை வரை வாக்குவாதம். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய விருது வேண்டாம். ஆனாலும் 1960-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. ஆங்கில நூலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

தேவ் ஆனந்த் இதைப் படமாக எடுத்தார், 1965-இல் வெளிவந்தது. படம் எடுக்கும் குழுவை நாராயணே மைசூர்ப் பக்கம் ஆறு, கோயில், தெரு என்று சுற்றிக் காட்டினார். எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள், படப்பிடிப்பை ராஜஸ்தானில் வைத்துக்கொண்டார்கள். கதையில் இல்லாத புலிச் சண்டை வேறு. ஊரைக் கட்டியவரிடமே ஊர் எங்கே இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? வழிதவறிய வழிகாட்டி என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதித் தன் மனக்குறையைத் தீர்த்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த இந்திப் படத்துக்கு நல்ல கதைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் அவருக்கே கிடைத்தது. மாறாக 1980-களில் சங்கர் நாக் எடுத்த மால்குடி டேஸ் தொலைக்காட்சித் தொடர், கர்நாடகத்தில் ஆகும்பே என்ற மழை ஊரையே மால்குடியாக மாற்றி, அதன் ஜீவனைக் கெடுக்காமல் எடுக்கப்பட்டது.

நம் சமய ஆர்வலர்களுக்கு இன்னொரு நாராயணும் உண்டு. பாட்டி சொன்ன புராணம் வீணாகவில்லை. 1961-இல் வந்த 'தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி' பஸ்மாசுரன் கதையேதான். அச்சகம் நடத்தும் ஒரு சாதுவான மனிதரின் மாடியில் வேட்டைக்கார முரடன் ஒருவன் வந்து குடியேறுகிறான். அசுரனை அழிக்க அசுரனின் கையே போதும். 1964-இல் 'காட்ஸ், டீமன்ஸ் அண்ட் அதர்ஸ்', கிராமத்துக் கதாகாலட்சேபக்காரர் சொல்வதுபோல் புராணக் கதைகள். இறக்கும் தறுவாயில் இருந்த மாமா ஒருவருக்கு 1938-இல் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. கம்பராமாயணத்தை ஆங்கிலத்தில் தரவேண்டும் என்பது அந்த வாக்கு. 1972-இல் அதை நிறைவேற்றினார். வால்மீகியை விட்டுக் கம்பரை எடுத்தார் பாருங்க, அங்கேதான் அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. 1978-இல் மகாபாரதம். தமிழில் கம்பனைப் படிக்கச் சிரமப்படுகிற நம் தலைமுறைக்கு, இங்கிலீஷ் வழியாகவாவது உள்ளே போக ஒரு பின்வாசல் அது. பின்வாசலாவது திறந்திருக்கிறதே.

குறையும் சொல்லவேண்டும். மால்குடியில் பட்டினி உண்டு, ஆனால் அது மெல்லிய குரலில் பேசும். சாதிக் கொடுமை அதிகம் கேட்காது. 'வெயிட்டிங் ஃபார் தி மகாத்மா' நாவலில் காந்தியே வருகிறார், இருந்தும் எனக்கு அது அவருடைய நல்ல நாவல்களில் ஒன்றாகப் படவில்லை. டிரினிடாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழியில் வந்த வி. எஸ். நைபால், நாராயணை ரசித்துக்கொண்டே, இந்த மனிதர்கள் எதையும் மாற்ற நினைக்காமல் ஒதுங்கிப்போகிறார்களே என்று 1977-இல் வந்த நூலில் கடிந்துகொண்டார். எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் இரயில் ஏறி, நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறி, இந்த நாட்டு லயங்களில் வந்து இறங்கினார்கள். நான் படித்த அளவில் மால்குடி ஸ்டேஷனில் அப்படி யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. அந்தக் கதையை நம் ஆட்கள்தான் எழுதவேண்டும்.

ஆனால் 'எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்' என்ற சிறுகதையைப் படித்த பிறகு, அவர் ஏழையைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியவில்லை. முனி என்ற கிழவன். ஒரு காலத்தில் பெரிய மந்தை வைத்திருந்தவனுக்கு மிச்சம் இரண்டு ஆடு. ஊர் எல்லையில் காவல் குதிரைச் சிலையின் நிழலில் உட்கார்ந்திருக்கிறான். நம் தோட்டத்து முனியாண்டி கோயில் வாசலில் நிற்குமே, அந்த மாதிரிக் குதிரை. காரில் வந்த அமெரிக்கர் குதிரையை விலை பேசுகிறார், ஆங்கிலத்தில். முனி காக்கிச் சட்டையைப் பார்த்துப் போலீஸ் என்று பயந்து தமிழில் பதில் சொல்கிறான், பிறகு கல்கி அவதாரம் வரை விளக்குகிறான். கடைசியில் நூறு ரூபாய் கை மாறுகிறது. இவன் ஆட்டை விற்றதாக நினைக்கிறான், அவர் குதிரையை வாங்கியதாக நினைக்கிறார். படித்து முடிக்கிறவரை சிரித்தேன். அப்புறம் ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது. தோட்டம் விற்கப்பட்டபோது, பேச்சு வார்த்தை மேசையில் நம் கோயில்களும் இப்படித்தான் கை மாறினவா?

1964-இல் பத்ம பூஷண். 1986-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். எண்பது வயசு மனிதர் அங்கே போய் எதைப் பேசினார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றி. காலையில் அவதி அவதியாகக் கிளப்பி, முதுகு கூனும் அளவுக்குச் சுமை ஏற்றி, குழந்தைப் பருவத்தையே திருடிவிடுகிறோம் என்பது அவர் வாதம். அதன் பலனாக யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1993-இல் அறிக்கை கொடுத்தது. ஃபெயிலான பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய பதில் என்று இதைச் சொல்லலாம்.

1994-இல் மகள் ஹேமாவும் புற்றுநோயில் காலமானார். கடைசி வருடங்கள் சென்னையில். காப்பி விஷயத்தில் மட்டும் கடைசிவரை சமரசம் கிடையாது. 2001 மே 13-ஆம் தேதி, 94 வயதில் மறைந்தார். நான் அப்போது பிறக்கவே இல்லை. இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புகூட, ஒரு தாத்தாவைப் பற்றிய புதுக் கதை மனசில் இருந்தது, அதை எழுத ஒரு டைரி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மைசூர் யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த இரண்டு மாடி வீட்டை 2011-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். ஊரார் குரல் கொடுத்து நிறுத்தினார்கள். இப்போது அது நினைவகம், 2016-இல் திறந்தார்கள். இந்திய யாத்திரை போகும் நம் குழுக்கள் எப்படியும் சாமுண்டீஸ்வரியைப் பார்க்க மைசூர் போவது வழக்கம். அங்கிருந்து யாதவகிரிக்கு ஆட்டோ கிடைக்கும்.

— பாகான் செராய் இளைஞர் பகுதி வாசகர் ஒருவர்